கோடு போடச் சொன்னால் ரோடு போடுவார்கள்... ரோட்டில் கோடு போட்டது யார், தெரியுமா?

வெள்ளை, மஞ்சள், ஒற்றை, இரட்டை, முழுசு, விட்டு விட்டு, வளைந்து நெளிந்து... தினமும் நம் டயருக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் சமாச்சாரம்தான். பெயின்ட் டப்பாவைத் திறந்தோமா, பிரஷ்ஷால் இழுத்தோமா, வேலை முடிந்ததா என்று நினைத்திருப்போம். அதுதான் இல்லை! அந்தக் கோட்டுக்குள் கண்ணாடி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, மனோதத்துவம் இருக்கிறது. அதன் வரலாற்றில் ஒரு பால் வண்டி, ஒரு பெண் டாக்டர், ஒரு பூனை, நான்கு பாட்டுக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு, அடுத்த வளைவில் என்ன காத்திருக்கிறது என்பதை போர்டு வருவதற்கு முன்பே ரோடு சொல்லிவிடும். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பலாம்!

பால் சிந்தியது, கோடு பிறந்தது!

1911-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், வெய்ன் கவுன்டி. பக்கத்திலேயே டெட்ராய்ட். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-லேயே விற்பனைக்கு வந்துவிட்டதால் ரோடெங்கும் கார் மயம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் யார் எவ்வளவு ஒதுங்குவது? தினமும் தகராறு, தினமும் மோதல். அந்த ஊர்ச் சாலை ஆணையர்களில் ஒருவர் எட்வர்ட் ஹைன்ஸ். ஒரு நாள் அவருக்கு முன்னால் போன பால் வண்டி வழிநெடுகப் பாலை ஒழுகவிட்டுக்கொண்டே போனதாம். ரோட்டின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியதாம்!

பால் கதை செவிவழியாக வந்தது. கோடு வந்தது மட்டும் நிஜம். அந்த ஆண்டே ட்ரென்டன் என்ற ஊரின் ரிவர் ரோட்டில் நடுக்கோடு வரையப்பட்டது. அமெரிக்காவின் முதல் நடுக்கோடு என்று அந்தக் கோட்டைத்தான் சொல்கிறார்கள். சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2011-ல், இந்த ஒற்றைக் கோட்டுக்காக ஹைன்ஸுக்கு ஒரு சர்வதேச வடிவமைப்பு விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை!

"நீங்கள் போடாவிட்டால் நானே போடுகிறேன்!"

நாட்டின் மறுகோடியில் ஒரு பெண்மணியும் இதே வேலையில் இறங்கினார். கலிஃபோர்னியாவின் இன்டியோ ஊர் டாக்டர் ஜூன் மெக்கரோல். 1917-ல் அவர் காரில் வந்துகொண்டிருந்தபோது, எதிரே ஒரு லாரி நடுரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ரோட்டை விட்டு மணலில் இறங்கித்தான் உயிர் தப்பினார். நடுவில் ஒரு கோடு போடுங்கள் என்று கவுன்டி அதிகாரிகளிடம் போய்க் கேட்டார். தலையாட்டினார்களே தவிர, காரியம் நடக்கவில்லை.

டாக்டரம்மா காத்திருக்கவில்லை. தானே பெயின்ட்டோடு ரோட்டில் இறங்கி, 4 அங்குல அகலத்தில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டார்! அதோடும் விடவில்லை. மாதர் சங்கங்களைத் திரட்டி ஆண்டுக்கணக்காக மனு போட்டுக்கொண்டே இருந்தார். 1924-ல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் நடுக்கோடு போட உத்தரவு வந்தது. இன்று இன்டியோ அருகே போகும் பெரிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயர்தான்.

ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, நம் ஊருக்கு வருவோம். லைசென்ஸ் எடுக்கும்போது படித்து, மறுநாளே மறந்த பாடம் இது. ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

விட்டு விட்டு வரும் வெள்ளைக் கோடு: எதிரே வண்டி இல்லை, பாதுகாப்பு என்றால் தாண்டலாம், முந்தலாம், பாதை மாறலாம்.

முழு வெள்ளைக் கோடு: உங்கள் பாதையிலேயே போங்கள், தாண்டாதீர்கள்.

நடுவில் முழு மஞ்சள் கோடு: உங்கள் பக்கத்துக்குள்ளேயே இடம் இருந்தால் முந்தலாம், ஆனால் சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது இருந்தது.

இரட்டை முழுக்கோடு: லட்சுமணன் போட்ட கோடு. தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை!

ஒன்று முழுசு, பக்கத்திலேயே ஒன்று விட்டு விட்டு: இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். உங்களுக்கு அருகில் இருக்கும் கோடு எதுவோ, அதுதான் உங்களுக்குச் சட்டம். உங்கள் பக்கம் விட்டு விட்டு இருந்தால் நீங்கள் முந்தலாம், எதிரே வருகிறவர் முந்தக் கூடாது. ஒரே இடம், ஒரே ரோடு, ஆளுக்கொரு விதி!

இது என்ன ஓரவஞ்சனை? மேட்டுச் சாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏறி வருகிறவருக்கு உச்சிக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது. உச்சியைத் தாண்டி இறங்குகிறவருக்கோ ரோடு வெகுதூரம் தெரியும். கண்ணுக்கு எட்டும் தூரம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் கோடும் வேறு. இதற்குக் கணக்கே உண்டு. இருவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டியைப் பத்திரமாக முந்த, முன்னால் 470 மீட்டர் தெரிய வேண்டும் என்கிறது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. 100 கி.மீ. வேகம் என்றால் 640 மீட்டர்! வளைவிலும், பாலத்திலும், மலைப்பாதையிலும் அவ்வளவு தூரம் தெரியாது. அங்கேதான் முழுக்கோடு முளைக்கிறது. "ஒரு வண்டிகூட வரலையே, இங்க எதுக்கு இந்தக் கோடு?" என்று டிரைவர் அண்ணன் அலுத்துக்கொள்ளும் இடங்களெல்லாம் இவைதான். வருவது தெரியவில்லை என்பதால்தானே கோடே போட்டார்கள்!

காருக்குப் பொறி வைத்த உப்பு வட்டம்!

ஒன்று முழுசு, ஒன்று விட்டு விட்டு என்ற இந்த இரட்டைக் கோடு விதியை வைத்து ஒரு பிரிட்டிஷ் கலைஞர் செய்த குறும்பு தெரியுமா? பெயர் ஜேம்ஸ் பிரைடில். 2017-ல் கிரேக்க நாட்டின் பர்னாஸஸ் மலைப் பக்கம், தரையில் உப்பால் ஒரு வட்டம் போட்டார். வெளிவட்டம் விட்டு விட்டு, உள்வட்டம் முழுக்கோடு. நடுவில் ஒரு கார்.

விதிப்படி என்ன ஆகும்? வெளியிலிருந்து வரும் காருக்கு அருகில் இருப்பது விட்டு விட்டு வரும் கோடு. உள்ளே நுழையலாம். உள்ளே வந்தபின் அருகில் இருப்பது முழுக்கோடு. வெளியே போகக் கூடாது! சட்டத்தை மட்டுமே பின்பற்றும் தானியங்கி கார் உள்ளே மாட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டியதுதான். தரையில் கொஞ்சம் உப்பு, உள்ளே சிறைப்பட்ட கார்!

வேடிக்கைக்குப் பின்னால் விஷயமும் இருக்கிறது. பாதை மாறினால் எச்சரிக்கும் வசதி கொண்ட இன்றைய கார்களின் கேமரா, தரையில் முதலில் தேடுவதே இந்தக் கோடுகளைத்தான். கோடு அழிந்த ரோட்டில் அந்த வசதியும் கைவிட்டுவிடும்.

2 அடியா, 10 அடியா?

ஒரு சின்ன பரீட்சை. நெடுஞ்சாலையில் விட்டு விட்டு வரும் கோட்டில், ஒரு துண்டு எவ்வளவு நீளம் இருக்கும்?

அமெரிக்காவில் டென்னிஸ் ஷாஃபர் என்ற உளவியல் பேராசிரியர் இதே கேள்வியை 400-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். பெரும்பாலோர் சொன்ன பதில்: 2 அடி. உண்மையில் அங்கே ஒரு துண்டின் நீளம் 10 அடி! இடைவெளி 30 அடி! தினமும் பார்க்கிற ஒன்றில் ஐந்து மடங்கு தப்பு!

ஏன் இப்படி? காரில் உட்கார்ந்திருக்கும் நம் கண், கோட்டைச் சாய்வாக, தூரத்திலிருந்து பார்க்கிறது. நீளமெல்லாம் சுருங்கிவிடுகிறது. இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. துண்டு சின்னதாகத் தெரிவதால், நாம் போகும் வேகமும் குறைவாகவே தோன்றும். 100 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நொடிக்குள் இப்படி இரண்டு துண்டுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் கடந்து மேலும் கொஞ்சம் போயிருப்போம்!

இந்தக் கண்கட்டுக்குச் சாலைப் பொறியாளர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ரோட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளையும் அம்புக்குறிகளையும் இறங்கி நின்று பாருங்கள். ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தளவுக்கு இழுத்து இழுத்து எழுதியிருப்பார்கள். எழுதியவருக்குக் கை கோணல் இல்லை. டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கும்போது அது சரியான அளவுக்குச் சுருங்கித் தெரிய வேண்டும், அதற்காக!

இன்னொன்று. அமெரிக்காவில் ரோட்டில் இரண்டு வரி எழுதினால், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்! வண்டி முதலில் எந்தச் சொல்லை எட்டுகிறதோ, அதுதான் முதல் சொல்.

இடைவெளி குறைந்தால் உஷார்!

பிரிட்டனில் ஓட்டும்போது, நடுக்கோட்டின் துண்டுகள் திடீரென்று நீளமாகி, இடைவெளிகள் குட்டையானால் உடனே காலை பிரேக் பக்கம் கொண்டுபோக வேண்டும். முன்னால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். வளைவோ, சந்திப்போ, எதுவோ! அந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. போர்டு இல்லை, விளக்கு இல்லை, வெறும் இடைவெளியே எச்சரிக்கை!

பிரான்ஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய விரைவுச் சாலையின் ஓரக்கோட்டில் ஒரு துண்டு 39 மீட்டர், இடைவெளி 13 மீட்டர். ஏன் இந்த விசித்திர அளவு? முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு துண்டுகள் தெரிந்தால் 91 மீட்டர். அந்தச் சாலையின் உச்ச வேகமான 130 கி.மீ.க்கு அது பாதுகாப்பான தூரம். "ஒரு துண்டு ஆபத்து, இரண்டு துண்டு பத்திரம்" என்பதுதான் அங்கே பாடம். ரோட்டின் ஓரத்திலேயே அளவு நாடாவை விரித்து வைத்திருக்கிறார்கள்!

இருட்டில் ஜொலிப்பது பெயின்ட் மட்டும் இல்லை!

இதுதான் ஆச்சரியங்களின் ராஜா. ராத்திரியில் ஹெட்லைட் பட்டதும் பளிச்சென்று எரிகிறதே கோடு, அந்த வெளிச்சம் பெயின்ட்டின் வேலை மட்டும் இல்லை. அதற்குள் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிக் கண்ணாடி மணிகள் இருக்கின்றன! ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. புதுக்கோட்டை விரலால் தடவினால் நெறுநெறுவென்று படும். (வண்டி வராத இடத்தில் செய்யுங்கள், ஐயா!)

ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் நுழைகிறது. உள்ளே வளைந்து, பின்பக்கத்துப் பெயின்ட்டில் பட்டு, மறுபடி வளைந்து, எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்புகிறது. உங்கள் விளக்கு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது! ஓரமாக நடந்து போகிறவருக்கு அதே கோடு மங்கலாகத்தான் தெரியும்.

இதில் நுணுக்கம் என்னவென்றால், மணி பாதிக்குச் சற்று மேலே புதைந்திருக்க வேண்டும். முழுசாக மூழ்கினால் வெளிச்சம் உள்ளே நுழையாது. மேலாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் டயர் பிடுங்கிப் போட்டுவிடும்.

நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கோடு போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் இரண்டு பேர் கயிறு பிடித்து நேர் பார்ப்பார்கள். "தம்பி, கயிறு தொய்யுது பார், இழுத்துப் புடி!" என்று மேஸ்திரி குரல் கொடுப்பார். வண்டி மேல் பெரிய கொதிகலன். மூட்டை மூட்டையாக வந்த தெர்மோபிளாஸ்டிக் பொடி அதில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிக் கூழாகிக்கொண்டிருக்கும். பிசின், சுண்ணாம்புக்கல் பொடி, வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு, கூடவே கண்ணாடி மணிகள். கூழைத் தள்ளுவண்டியில் ஊற்றி, கயிற்றுத் தடத்திலேயே ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போவார் ஒருவர். வண்டியின் அடியிலிருந்து கோடு வழுக்கிக்கொண்டு வரும். பின்னாலேயே சிறு தொட்டியிலிருந்து மணிகள் அதன் மேல் தூவினாற்போல் விழுந்துகொண்டே வரும். சதுர மீட்டருக்கு 250 கிராம். சூடு ஆறுவதற்குள் விழுந்தால்தான் ஒட்டும், பிந்தினால் காற்றோடு போகும். 2.5 மில்லிமீட்டர் கனமான அந்தக் கோடு சில நிமிடங்களில் இறுகிவிடும்.

மேலே தூவிய மணிகள் தேய்ந்து போனால்? அதற்குத்தான் கலவைக்குள்ளேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மணிகள்! மேல்பரப்பு தேயத் தேய, உள்ளிருந்து புது மணிகள் தலை நீட்டும். தேயும்போதே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கோடு!

அந்த டைட்டானியம் டையாக்சைடு யார் தெரியுமா? பற்பசைக்கும் சன்ஸ்கிரீனுக்கும் வெண்மை தருகிற அதே ஆசாமிதான்!

மழையில் மட்டும் கோடு எங்கே போகிறது?

ராத்திரி, கொட்டும் மழை. கோடு இருந்த இடமே தெரியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை. மணிகளின் மேல் தண்ணீர் ஒரு படலமாக மூடிக்கொள்கிறது. வெளிச்சம் மணிக்குள் போவதற்கு முன்பே தண்ணீரில் பட்டு வேறெங்கோ சிதறிவிடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் கோடு காலை வாருகிறது!

இதற்கு இரண்டு பேர் இரண்டு விதமாக வழி கண்டார்கள். கலிஃபோர்னியாவின் எல்பர்ட் பாட்ஸ், தண்ணீருக்கு மேலே தலை தூக்கி நிற்கும் வட்டக் குமிழ்களை ரோட்டில் ஒட்டச் சொன்னார். டயர் ஏறினால் தடதடவென்று சத்தமும் வரும். தூங்கும் டிரைவருக்கு இலவச அலாரம்! 'பாட்ஸ் புள்ளிகள்' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இன்னொருவர் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ்காரர், பெர்சி ஷா. இருட்டில் வந்துகொண்டிருந்தபோது வழியில் ஒரு பூனையின் கண்கள் மின்னியதுதான் தூண்டுதல் என்பார்கள். 1934-ல் காப்புரிமை வாங்கிய அவருடைய கண்டுபிடிப்புக்குப் பெயரே 'பூனைக்கண்'. கண்ணாடி விழிகள், அவற்றைச் சுற்றி ரப்பர் மெத்தை. டயர் ஏறும்போது விழிகள் உள்ளே அமுங்கும். ரப்பர் அவற்றைத் துடைத்துவிடும். தேங்கியிருக்கும் மழைநீரே கழுவுகிற தண்ணீர்! தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளும் ரோடு!

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் விளக்கெல்லாம் அணைக்கப்பட்டபோது பூனைக்கண்ணுக்கு மவுசு கூடியது. அந்த இருட்டில் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும்கூட வெள்ளையடித்தார்கள். நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களின் இடுப்பில் அடிக்கிற வெள்ளைப் பட்டையும் இதே வேலைக்குத்தான்.

பூனைக்கண் போல ரோட்டில் பதிக்கும் ஒளிரும் கற்களின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. பிரிட்டனின் விரைவுச் சாலைகளில் பாதைகளுக்கு நடுவே வெள்ளை, இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் மஞ்சள், பிரிந்து செல்லும் வழிகளில் பச்சை. பனிமூட்டத்தில் ரோடே தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்தே இடம் கண்டுபிடிக்கலாம்! அமெரிக்காவில் சில கற்களின் பின்பக்கம் சிவப்பு. ஒழுங்காகப் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எதிர்த்திசையில் தப்பாக வருகிறவர் கண்ணுக்கு மட்டும் வரிசையாகச் சிவப்பு எரியும்!

வரிக்குதிரைக்குப் பிறந்த நாள் உண்டு!

31 அக்டோபர் 1951. இங்கிலாந்தின் ஸ்லவ் என்ற ஊரில்தான் முதல் ஜீப்ரா கிராஸிங் அதிகாரபூர்வமாக வந்தது. அதற்கு முன்பு, நடந்து கடக்கும் இடத்தைக் காட்ட ரோட்டில் உலோகக் குமிழ்களைப் பதித்திருந்தார்கள். நடப்பவருக்குத் தெரிந்தது, கார்காரருக்குத் தெரியவில்லை! சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் ஜார்ஜ் சார்ல்ஸ்வர்த் தலைமையில் பல பட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். நீலம்–மஞ்சள்கூட முயன்றார்கள். கறுப்பு–வெள்ளைதான் எட்ட இருந்தே கண்ணில் அடித்தது. சார்ல்ஸ்வர்த்துக்கு 'டாக்டர் ஜீப்ரா' என்றே பட்டப்பெயர்!

உலகிலேயே அதிகப் புகழ்பெற்ற ஜீப்ரா கிராஸிங் லண்டனின் ஏபி ரோட்டில் இருக்கிறது. 8 ஆகஸ்ட் 1969 அன்று பீட்டில்ஸ் குழுவின் நான்கு பேரும் வரிசையாக அதைக் கடந்த படம்தான் அவர்களுடைய இசைத்தட்டு அட்டை. 2010-ல் அந்தக் கிராஸிங்கையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது பிரிட்டிஷ் அரசு! இப்போது அங்கே போனால் கிராஸிங்கின் இருபுறமும் வளைந்து நெளிந்து ஜிக்ஜாக் கோடுகள் இருக்கும். பழைய படத்தில் இருக்காது. ஏனென்றால் பிரிட்டனில் ஜிக்ஜாக் வந்ததே 1971-ல்! அந்த நெளிகோட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது. நிறுத்திய வண்டி மறைத்தால் கடக்கிற குழந்தை தெரியாதே!

சுவிட்சர்லாந்தில் ஜீப்ராவின் நிறம் மஞ்சள். பொலிவியாவின் லா பாஸ் நகரில் கோட்டுக்கு டிரைவர்கள் மதிப்பே தரவில்லை என்று, 2001 முதல் இளைஞர்களுக்கு வரிக்குதிரை வேஷம் போட்டு நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். ஆடிப் பாடி வண்டியை நிறுத்துவதுதான் அவர்கள் வேலை! நம் ஆமதாபாத்தில் ஓவியர்களான தாயும் மகளும் 2016-ல் வரைந்த ஜீப்ரா, தரையை விட்டு எழும்பிக் கட்டைகளாக மிதப்பதுபோல் தெரிந்தது. பார்த்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்!

ஒரே ராத்திரியில் நிறம் மாறிய நாடு!

3 செப்டம்பர் 1967, ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை 5 மணி. வண்டி ஓட்டுவதில் சுவீடன் நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது! 1955-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது 83 சதவீதம் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அரசு கேட்கவில்லை.

கோட்டுக்காரர்களின் பாடுதான் பெரும்பாடு. அதுவரை அங்கே கோடுகள் மஞ்சள். இனி வெள்ளை. புதுக்கோடுகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, யாரும் குழம்பாதபடி கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்தார்கள். அந்த ராத்திரி டேப்பை உரித்தார்கள். சுமார் 3,60,000 போர்டுகளையும் மாற்றினார்கள். விடிந்தபோது மஞ்சள் கோடு என்றால் பழைய விதி, வெள்ளை என்றால் புது விதி என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ள முடிந்தது.

கோடு போட்டும் வேகம் குறையும், அழித்தும் குறையும்!

அமெரிக்காவின் சிகாகோவில், ஏரிக்கரைச் சாலையில் அபாயமான ஒரு வளைவு. போர்டு வைத்தும் பயனில்லை. 2006 செப்டம்பரில் வளைவுக்கு முன்னால் குறுக்குக் கோடுகள் போட்டார்கள். முதலில் தள்ளித் தள்ளி, வளைவை நெருங்க நெருங்கப் பக்கம் பக்கமாக. கோடுகள் வேகமாக வந்து வந்து போவதைப் பார்த்த கண், 'ஐயோ, வேகம் கூடுகிறதே!' என்று ஏமாந்தது. கால் ஆக்ஸிலரேட்டரை விட்டது. அடுத்த ஆறு மாதத்தில் விபத்துகள் 36 சதவீதம் குறைந்தன. சுங்கச்சாவடிக்கும் வளைவுக்கும் முன்னால் நம் ரோட்டில் குறுக்கே தடதடக்கும் பட்டைகளும் இந்த வம்சம்தான்!

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. லண்டனில் சில சாலைகளில் நடுக்கோட்டையே எடுத்துவிட்டுச் சோதித்தார்கள். வேகம் குறைந்தது! கோடு இருந்தால் 'என் பாதை எனக்கு' என்ற தைரியம். இல்லையென்றால், எதிரே வருகிறவன் எங்கே வருவானோ என்ற பயம். எந்த ரோட்டில் கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதே ஒரு தனி சாஸ்திரம்!

இன்னும் சில... சட்டுச் சட்டென்று!

சந்திப்பில் மஞ்சளில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கிறார்களே, அது நிற்கும் இடமல்ல. அந்தப் பக்கம் வெளியேற இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும். லண்டனில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1967-ல் பிரிட்டன் இதைச் சட்டமாக்கியது.

தானாகவே இருட்டில் ஒளிரும் கோடு போட்டால் விளக்குக் கம்பமே வேண்டாமே? நெதர்லாந்து 2014-ல் 500 மீட்டருக்குப் போட்டுப் பார்த்தது. மலேசியா 2023-ல் செமினி பக்கம் 245 மீட்டருக்குப் போட்டது. படங்கள் உலகமெங்கும் பரவின. பில்லைப் பார்த்ததும் மலேசியாவுக்கு மயக்கம்! சாதாரணக் கோடு சதுர மீட்டருக்கு 40 ரிங்கிட், ஒளிரும் கோடு 749 ரிங்கிட். திட்டம் கைவிடப்பட்டது.

விமான ஓடுபாதையில் கோடு வெள்ளை. அதற்குப் போய்ச் சேரும் வழியில் கோடு மஞ்சள். பைலட் நிறத்தை வைத்தே தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவார். ஓடுபாதையின் முனையில் உள்ள பட்டைகளை எண்ணினால் அகலம் தெரிந்துவிடும். 12 பட்டை என்றால் 45 மீட்டர், 16 என்றால் 60 மீட்டர்! சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். பின்னால் ஒரு சைபர் சேருங்கள்: 70 டிகிரி, 250 டிகிரி. விமானம் பார்க்கும் திசை அது!

கடைசியாக, நம் பர்ஸுக்கு நெருக்கமான ஒன்று. சிக்னலில் குறுக்கே இருக்கும் வெள்ளை ஸ்டாப் லைன். சிவப்பு விழுந்தபின் வண்டியின் எந்தப் பகுதியும் அதைத் தாண்டி நீட்டக் கூடாது என்கிறது விதி. முன்சக்கரம் மட்டும்தானே என்று வாதாட முடியாது! இந்த மாதிரிச் சாலை விதிகளை மீறினால், 2019 திருத்தத்தில் சேர்ந்த 177ஏ பிரிவின்படி 500 ரூபாய்க்குக் குறையாமல், 1,000 ரூபாய் வரை அபராதம். அந்த ஸ்டாப் லைனுக்கும் ஜீப்ராவுக்கும் நடுவில் விட்டிருக்கிற இடம், பள்ளிக்கூடப் பிள்ளையும் கோல் ஊன்றிய பாட்டியும் பயமில்லாமல் கடப்பதற்கு. அடுத்த சிக்னலில் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால், அடிக்கட்டும் விடுங்கள்!